மெஸ்ஸியை அனுப்பினது ரூல் இல்ல, பார்சிலோனா போட்ட பழைய கையெழுத்துகள்



2021 ஆகஸ்ட் 5. மெஸ்ஸி இனி பார்சிலோனாவுக்கு ஆட மாட்டார்னு கிளப் அறிக்கை விட்ட நாள். மூணு நாள் கழிச்சு அவர் மேடையில நின்னு அழுததை உலகமே பார்த்துச்சு. அவருக்குப் போக விருப்பம் இல்ல. பாதி சம்பளத்துக்குக்கூட ஒத்துக்கிட்டார். கிளப்புக்கும் அவரை விட விருப்பம் இல்ல. ஆனாலும் முடியல. ஸ்பெயின் லீக்கான லா லிகாவோட சம்பள வரம்பு விதி குறுக்கே நின்னுச்சு.

அன்னையிலிருந்து ரசிகர்கள் சொல்றது ஒண்ணுதான்: "லா லிகாவோட முட்டாள்தனமான ரூல்தான் மெஸ்ஸியைத் துரத்துச்சு."

ஒரு சி.ஏ.வா கணக்கைப் பார்த்தா எனக்கு அப்படித் தோணல. அந்த விதி மெஸ்ஸியைத் துரத்தல. அதுக்கு நாலு வருஷம் முன்னாடியிலிருந்து கிளப் போட்ட கையெழுத்துகள்தான் துரத்துச்சு. விதி, கடைசியில கதவைச் சாத்தின வாட்ச்மேன் மட்டும்தான். இந்தக் கதையில மாசச் சம்பளம் வாங்குற நம்ம எல்லாருக்கும் வேலை இருக்கு. அதனால ஃபுட்பால் பார்க்காதவங்களும் கொஞ்சம் பொறுமையா படிங்க. தேவையானதை நான் சொல்லிடுறேன்.

வருமானத்துல முதல் இடம், கையில காசு இல்ல

டெலாய்ட் நிறுவனம் வருஷா வருஷம் எந்த ஃபுட்பால் கிளப்புக்கு எவ்வளவு வருமானம்னு ஒரு பட்டியல் போடும். 2018-19, 2019-20 ரெண்டு சீசன்லயும் அதுல முதல் இடம் பார்சிலோனா. 2018-19ல மட்டும் வருமானம் சுமார் 84 கோடி யூரோ.

2021 ஆகஸ்ட்ல கிளப் தலைவர் லபோர்த்தா பிரஸ் மீட் வெச்சு சொன்ன கணக்கு இது: கடன் 135 கோடி யூரோ. சம்பளச் செலவு மொத்த வருமானத்துல 103%.

அதாவது 100 ரூபாய் வருது, சம்பளத்துக்கே 103 ரூபாய் போகுது. கரன்ட் பில், வட்டி, மைதானப் பராமரிப்பு எல்லாம் அதுக்கு அப்புறம்தான். மெஸ்ஸியை வெச்சுக்கிட்டா இந்த விகிதம் 110% ஆகும், அவர் போனாலும் 95%லதான் நிற்கும்னு லபோர்த்தாவே சொன்னார். இந்த ரெண்டாவது எண்ணைக் கவனிங்க. உலகத்தோட பெரிய சம்பளக்காரர் போன பிறகும் 95%. அப்போ பிரச்சினை மெஸ்ஸி இல்ல. மத்தவங்களோட போட்ட கான்ட்ராக்ட்கள்.

பெரிய போனஸ் வந்த வருஷம்

கதை 2017 ஆகஸ்ட்ல ஆரம்பிக்குது. பாரிஸ் கிளப் பி.எஸ்.ஜி. 22.2 கோடி யூரோ கொடுத்து நெய்மாரைத் தூக்கிட்டுப் போச்சு. ஃபுட்பால்ல ஒரு வீரருக்குக் கொடுத்த அதிகபட்ச விலை அதுதான். பார்சிலோனா கையில திடீர்னு ஒரு மலை மாதிரி பணம்.

நம்ம ஊர்ல ஒருத்தருக்குப் பெரிய போனஸ் வந்தா என்ன நடக்கும்? ஆபீஸ் முழுக்கத் தெரியும். கார் ஷோரூம்காரனுக்கும் தெரியும். அதேதான் இங்கேயும். பார்சிலோனாகிட்ட காசு இருக்கு, அவசரமும் இருக்குன்னு விக்கிறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. டார்ட்மண்ட் கிளப்கிட்ட இருந்து டெம்பெலேவை 10.5 கோடி யூரோவுக்கு வாங்கினாங்க. சில மாசத்துல, 2018 ஜனவரியில, லிவர்பூல்கிட்ட இருந்து கூட்டின்யோவை 12 கோடிக்கு வாங்கினாங்க. ரெண்டையும் கூட்டினா 22.5 கோடி. நெய்மார் பணம் அஞ்சு மாசத்துல காலி. நிபந்தனைகள் நிறைவேறினா கொடுக்க வேண்டிய கூடுதல் தொகை ஒவ்வொருத்தருக்கும் 4 கோடி வரைக்கும் தனி.

போனஸ் ஒரு தடவைதான் வந்துச்சு. ஆனா இந்த ரெண்டு பேரோட சம்பளம் வருஷா வருஷம் போகும். இதுதான் முதல் தப்பு.

கூட்டின்யோ பார்சிலோனாவுல செட் ஆகல. 2019-20ல ஜெர்மனியோட பயர்ன் மியூனிக்குக்கு வாடகைக்கு அனுப்பினாங்க. அந்த சீசன் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில பார்சிலோனாவை பயர்ன் 8-2ன்னு அடிச்சுச்சு. பெஞ்ச்ல இருந்து இறங்கி கடைசி ரெண்டு கோலைப் போட்டது யார்? கூட்டின்யோ. பார்சிலோனா காசு கொடுத்து வாங்கின ஆள், பார்சிலோனாவுக்கே கோல் போட்டார்.

டெம்பெலே கதை வேற மாதிரி. காயம், காயம், மறுபடியும் காயம். 2023ல சுமார் 5 கோடி யூரோவுக்கு பி.எஸ்.ஜி.க்குப் போனார். அங்கே 2025ல பலோன் தோர் விருதே வாங்கிட்டார். ஆள் மோசம் இல்ல. வாங்கின விலையும் நேரமும்தான் மோசம்.

வாங்கின செலவு கணக்குல எங்கே போகுது?

இங்கே கொஞ்சம் அக்கவுன்டிங். பயப்படாதீங்க.

2019ல அட்லெட்டிகோ மாட்ரிட்ல இருந்து கிரீஸ்மான் வந்தார். விலை 12 கோடி யூரோ, கான்ட்ராக்ட் 5 வருஷம். கிளப் கணக்குல இந்த 12 கோடி ஒரே வருஷச் செலவா வராது. 5 வருஷத்துக்குப் பிரிச்சு, வருஷத்துக்கு 2.4 கோடியா வரும். கம்பெனி ஒரு மெஷின் வாங்கினா தேய்மானம் போடுற மாதிரிதான்.

இது சட்டப்படி சரியான முறை. ஆனா மனசை ஏமாத்துற முறையும்கூட. 12 கோடி பொருள் 2.4 கோடி மாதிரி தெரியும். "இ.எம்.ஐ. 4,999தானே" அப்படின்னு போன் வாங்குறப்போ நமக்குத் தோணுறதும் இதேதான். ஒண்ணு வாங்கினா பரவாயில்ல. கூட்டின்யோ, டெம்பெலே, கிரீஸ்மான்னு வரிசையா வாங்கினா, ஒவ்வொரு வருஷத் தலையிலயும் எல்லாருடைய பங்கும் வந்து உட்காரும்.

இன்னொரு சிக்கலும் இருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு கிரீஸ்மானோட புத்தக மதிப்பு 7.2 கோடி. அதுக்குக் கீழே வித்தா அந்த வருஷக் கணக்குல நஷ்டம் ஏறும். அந்த விலைக்கு வாங்க ஆள் இல்ல. அதனால 2021ல பழைய கிளப்புக்கே வாடகைக்கு அனுப்பினாங்க. கார் லோன் பாக்கி 7 லட்சம், காரை வித்தா கிடைக்கிறது 4 லட்சம்னா எப்படி மாட்டிக்குவோமோ, அதே நிலைமை.

2020 ஜூன் கடைசியில இன்னொரு வேலை நடந்துச்சு. கிளப்போட கணக்கு ஆண்டு ஜூன் 30ல முடியும். அதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 23 வயசு ஆர்தரை 7.2 கோடிக்கு யுவென்டஸுக்கு வித்து, அவங்ககிட்ட இருந்து 30 வயசு பியானிச்சை 6 கோடிக்கு வாங்கினாங்க. வித்தியாசம் 1.2 கோடிதான். ஆனா ஆர்தரை வித்த லாபம் முழுசா அந்த வருஷக் கணக்குலயே ஏறும். பியானிச் செலவு மட்டும் வரப்போற வருஷங்களுக்குப் பிரியும். கணக்கு அழகாச்சு. டீம்ல இளைஞன் போய், வயசானவர் வந்தார். ஒரே சீசன்ல அவரையும் துருக்கி கிளப் ஒண்ணுக்கு வாடகைக்கு அனுப்பிட்டாங்க.

"எல்லாம் கோவிட்டாலதானே?"

இதுதான் பெரிய எதிர்வாதம். நியாயமானதும்கூட. மைதானம் பூட்டினாங்க, டிக்கெட் வருமானம் போச்சு, கேம்ப் நோவைச் சுத்திப் பார்க்க வர்ற டூரிஸ்ட் கூட்டமும் போச்சு. 2020-21ல பார்சிலோனாவோட நஷ்டம் 48.1 கோடி யூரோ.

ஆனா அதே நாட்டுல, அதே லீக்ல, அதே கோவிட்ல ரியல் மாட்ரிட் இருந்துச்சு. அவங்க அந்த ரெண்டு கணக்கு ஆண்டுலயும் சின்னதா லாபம் காட்டினாங்க. 2020 கோடையில காசு கொடுத்து ஒரு வீரரைக்கூட வாங்கல.

மாட்ரிட் ஒண்ணும் வாங்குறதுல மகா புத்திசாலி இல்ல. 2019ல 10 கோடி யூரோவுக்கு மேல கொடுத்து செல்சீல இருந்து எடன் ஹசார்டை வாங்கினாங்க. நாலு வருஷத்துல 76 ஆட்டம், 7 கோல். ஃபுட்பால் வரலாற்றுலயே மோசமான வாங்கல்கள்ல ஒண்ணு. ஆனாலும் 2022லயும் 2024லயும் சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சாங்க.

அதனால என் கருத்து இது. ஒரு தப்பான வாங்கல் யாரையும் அழிக்காது. எல்லாரும் தப்பா வாங்குவாங்க. தப்பு நடந்தா தாங்குற இடம் பட்ஜெட்ல இருக்கா இல்லையாங்கிறதுதான் கேள்வி. மாட்ரிட்ல அந்த இடம் இருந்துச்சு. பார்சிலோனா ஒவ்வொரு ரூபாயையும், வரப்போற ரூபாயையும் சேர்த்து, முன்னாடியே செலவு பண்ணி வெச்சிருந்துச்சு.

அந்த விதி என்னதான் சொல்லுது?

2013ல இருந்து லா லிகா ஒவ்வொரு கிளப்புக்கும் ஒரு செலவு வரம்பு வைக்குது. கணக்கு சிம்பிள்: எதிர்பார்க்கிற வருமானத்துல இருந்து விளையாட்டு சாராத செலவையும் கடன் தவணையையும் கழி. மிச்சம்தான் டீமுக்கான பட்ஜெட். அதைத் தாண்டினா புது வீரரோட பெயரை லீக் பதிவு பண்ணாது. பதிவு இல்லன்னா களத்துல இறங்க முடியாது.

2019-20ல பார்சிலோனா வரம்பு 67.1 கோடி யூரோ. 2021 செப்டம்பர்ல 9.8 கோடி. 2022 மார்ச்ல மைனஸ் 14.4 கோடி. ஆமா, மைனஸ்! வரம்பு இப்படி விழுந்தப்போ பழைய கான்ட்ராக்ட்கள் விழல. வருமானம் ஆடும், ஒப்பந்தம் ஆடாது. ஐ.டி.யில வேலை பார்க்கிறவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிங்க. வேரியபிள் பே குறையலாம், பெஞ்ச்ல உட்கார வைக்கலாம். இ.எம்.ஐ. தேதி மட்டும் மாறாது.

வரம்பைத் தாண்டின கிளப்புக்கு அப்போ இருந்த விதி 1:4. நாலு யூரோ மிச்சம் பிடிச்சாதான் ஒரு யூரோ புதுசா செலவு பண்ணலாம். அந்தச் சுவர்லதான் மெஸ்ஸி முட்டினார்.

இங்கிலாந்துல கதை வேற. அங்கே வீரரை வாங்கிப் பதிவு பண்ணலாம், கணக்கை அப்புறம் பார்ப்பாங்க. எவர்ட்டன் கிளப் பல வருஷம் பணத்தை வாரி இறைச்சுச்சு. மூணு வருஷத்துல 10.5 கோடி பவுண்ட் வரைக்கும்தான் நஷ்டம் காட்டலாம்னு அப்போ விதி இருந்துச்சு. அவங்க காட்டினது 12.45 கோடி. 2023 நவம்பர்ல 10 புள்ளி வெட்டினாங்க. அப்பீல்ல அது 6 ஆச்சு. ஏப்ரல்ல வேற ஒரு மீறலுக்கு இன்னும் 2 புள்ளி போச்சு. செலவு பண்ணினது பழைய சீசன்கள்ல, தண்டனை அனுபவிச்சது வேற டீம், வேற கோச்.

ரெண்டுல எது நல்லது? முன்னாடியே "முடியாது"ன்னு சொல்ற விதிதான்னு நான் சொல்வேன். அன்னைக்கு வலிக்கும். ஆனா கணக்கு அன்னைக்கே முடிஞ்சுடும். கிரெடிட் கார்டு லிமிட்டை நீங்களே குறைச்சு வைக்கிறது லா லிகா முறை. ஸ்வைப் பண்ணிட்டு ஸ்டேட்மென்ட் வந்த பிறகு தலையில கை வைக்கிறது இங்கிலாந்து முறை.

சொத்தை விக்கிறது வருமானம் இல்ல

மெஸ்ஸி போன சமயத்துல, சி.வி.சி. நிறுவனத்தோட பணத்தை லீக் வழியா வாங்கிக்க பார்சிலோனாவுக்கு ஒரு வாய்ப்பு இருந்துச்சு. டி.வி. உரிமையை அரை நூற்றாண்டுக்கு அடகு வைக்க மாட்டேன்னு லபோர்த்தா மறுத்தார். நல்ல முடிவு.

ஒரே வருஷம். 2022 கோடையில லா லிகா டி.வி. வருமானத்துல 10%-ஐ 25 வருஷத்துக்கு சிக்ஸ்த் ஸ்ட்ரீட் நிறுவனத்துக்கு 20.75 கோடி யூரோவுக்கு வித்தார். அடுத்த மாசமே இன்னொரு 15%. அந்தக் காசுல லெவன்டோவ்ஸ்கி, ரஃபின்யா, கூன்டே எல்லாரும் வந்தாங்க. ரசிகர்கள் இதைச் செல்லமா "லீவர்"னு சொன்னாங்க. எங்க தொழில்ல இதுக்குப் பேரு சொத்தை விக்கிறது.

இங்கேதான் ஐரோப்பிய ஃபுட்பால் அமைப்பான யுயெஃபாவோட சண்டை வந்துச்சு. "இந்த மாதிரி விற்பனை லாபத்தை எங்க விதிப்படி வருமானமா காட்டக் கூடாது"ன்னு 2023ல 5 லட்சம் யூரோ அபராதம். மேல்முறையீட்டிலயும் கிளப் தோத்துச்சு. 2025 ஜூலையில ஒரு செட்டில்மென்ட், அதுல 1.5 கோடி யூரோ அபராதம். நிபந்தனைகளை மீறினா இன்னும் 4.5 கோடி.

யுயெஃபா பக்கம்தான் நான். பி.எஃப். பணத்தை எடுத்தா உங்க சம்பளம் கூடிடுச்சுன்னு அர்த்தமா? அம்மா நகையை அடகு வெச்சு வந்த பணத்தை இன்கிரிமென்ட்னு சொல்வீங்களா?

ஆனா ஒரு உண்மையை மறைக்கக் கூடாது. லீவர் இழுத்த அடுத்த சீசன்ல, 2022-23ல, பார்சிலோனா லா லிகா ஜெயிச்சுச்சு. 2024-25ல லீக், கோபா தெல் ரே, சூப்பர் கோப்பைன்னு மூணு உள்நாட்டுப் பட்டம். ரஃபின்யா அருமையா ஆடினார். "பார்த்தீங்களா, ரிஸ்க் எடுத்தாங்க, ஜெயிச்சாங்க"ன்னு சொல்றவங்க இருக்காங்க.

அந்த டீமோட முகம் யாருன்னு பாருங்க. லாமின் யமால், பாவ் குபார்சி, கவி, பால்டே. கிளப்போட சொந்த அகாடமியான லா மாசியாவுல வளர்ந்த பசங்க. வாங்கின விலை பூஜ்யம். வருஷக்கணக்கா அமைதியா போட்டுட்டு வந்த எஸ்.ஐ.பி. மாதிரிதான் அந்த அகாடமி. கஷ்ட காலத்துல கை கொடுத்தது அதுதான். டி.வி. பணத்துல கால் பங்கோ, இந்தப் பசங்க ரிட்டயர் ஆகுற வயசு வரைக்கும் வேற ஒருத்தருக்குப் போயிட்டே இருக்கும்.

விதியில குறையே இல்லையா?

இருக்கு. 2024 ஆகஸ்ட்ல வாங்கின டானி ஓல்மோ விஷயம் ஒரு உதாரணம். பட்ஜெட்ல இடம் இல்லாம முதல் ஆட்டங்கள்ல அவரை இறக்க முடியல. சக வீரர் கிறிஸ்டென்சன் நீண்ட காலக் காயத்துல இருந்ததால கிடைச்ச விலக்கை வெச்சுத் தற்காலிகமா பதிவு பண்ணாங்க. டிசம்பர் 31ல அது முடிஞ்சுச்சு. புது ஸ்டேடியத்தோட வி.ஐ.பி. பாக்ஸ் உரிமையை 10 கோடி யூரோவுக்கு வித்து இடம் காட்டினாங்க. லா லிகா ஏத்துக்கல. ஸ்பெயின் அரசோட விளையாட்டுக் கவுன்சில் தலையிட்ட பிறகுதான் ஜனவரியில அவர் ஆடினார்.

ஒரு வீரரோட வேலை, இன்னொருத்தரோட காயத்தையும் ஒரு விற்பனைப் பத்திரத்தையும் நம்பி நிற்கிறது நல்ல நிலைமை இல்ல. விதி ரொம்ப இறுக்கமா இருந்தா ஓட்டை தேடுற மூளைதான் வளரும். அதையும் ஒத்துக்கிறேன். ஆனா அந்த ஓட்டையைத் தேட வேண்டிய நிலைமைக்குக் கொண்டுவந்தது யாருன்னு கேட்டா, விரல் மறுபடி 2017 பக்கம்தான் திரும்புது.

உங்க வீட்டு லா லிகா

இந்த வாரம் ஒரு பேப்பர் எடுத்து உங்களுக்கான வரம்பைப் போடுங்க. ஒரு கற்பனைக் கணக்கு: கைக்கு வர்ற சம்பளம் 80,000. வாடகை, சாப்பாடு, வீட்டுக்கு அனுப்புறது 42,000. ஓடிட்டு இருக்கிற இ.எம்.ஐ. 16,000. சேமிப்பு 12,000. மிச்சம் 10,000. புது ஆசை எதுவா இருந்தாலும் அந்தப் பத்தாயிரத்துக்குள்ளதான்.

இந்தக் கணக்குல போனஸ், வேரியபிள் பே, வரப்போற இன்கிரிமென்ட் எதையும் சேர்க்காதீங்க. நல்ல வருஷத்து வருமானத்தை வெச்சு நிரந்தரச் செலவை ஏத்திக்கிட்டதுதான் பார்சிலோனா கதை.

மிச்சம் மைனஸ்ல வருதா? அப்போ 1:4 விதியை வீட்டுக்குக் கொண்டு வாங்க. மாசம் 4,000 ரூபாய் இ.எம்.ஐ.யை முழுசா முடிச்ச பிறகுதான், 1,000 ரூபாய்க்குப் புதுசா ஏதாவது. மிச்ச 3,000 கடனை அடைக்கவோ, அவசர நிதிக்கோ போகட்டும். கடுப்பாதான் இருக்கும். ஆனா யாரோ ஒருத்தர் வந்து உங்க மேல விதி போடுறதுக்கு முன்னாடி நீங்களே போட்டுக்கிறது மரியாதை.

கூட்டின்யோவுக்கும் கிரீஸ்மானுக்கும் கையெழுத்துப் போட்ட நாள்ல, இதனால ஒருநாள் மெஸ்ஸியை இழப்போம்னு அந்த அறையில யாரும் நினைச்சிருக்க மாட்டாங்க. கடனோட குணமே அதுதான். நீங்க வாங்கின பொருளை அது பிடுங்காது. நீங்க விட விரும்பாத வேற ஒண்ணைப் பிடுங்கும். நம்ம வீட்டுல அது குழந்தையோட படிப்பா இருக்கலாம், அப்பாவோட ஆபரேஷனா இருக்கலாம், பிடிக்காத வேலையை விடுற சுதந்திரமா இருக்கலாம்.

உங்க மிச்சம் பிளஸ்ஸா, மைனஸ்ஸா? கமென்ட்ல சொல்லுங்க, தொகை வேண்டாம். பார்சிலோனா ரசிகர்கள் திட்டணும்னாலும் அங்கேயே திட்டலாம்!